பவழம் உதிர்ந்த தோடு

"தூக்காதீங்கக்கா, உருட்டுங்க," என்றாள் மீரிம்.

தூக்கினால் நர்ஸின் இடுப்பு போய்விடும், உருட்டினால் இருவருக்கும் நல்லது என்று நர்சிங் கல்லூரியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் ஒரோஸ்பெக் ஆறடி ஆள். மீரிம் தோளைப் பிடித்துக்கொள்ள, அவன் மனைவி புருல் இடுப்பைப் பிடித்துக்கொள்ள, இருவருமாக மூச்சைப் பிடித்து அவனைச் சுவர்ப் பக்கம் ஒருக்களித்தார்கள். ரஷ்யாவுக்குக் கட்டட வேலைக்குப் போனவன். சாரம் சரிந்து விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கிவிட்டது. மேஸ்திரி விமானத்தில் ஏற்றிவிட்டதோடு கைகழுவிவிட்டான். இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் அவனுக்குத் தெரியவில்லை.

மீரிம் அவன் முதுகில் கற்பூரத் தைலம் தடவினாள். படுக்கைப் புண் ஒன்றுகூட இல்லை. அது புருலின் கைங்கரியம். ஆஸ்பத்திரிக்கு வந்த நாளிலிருந்து அவள் அவனை விட்டு நகரவில்லை. குனிந்து நிமிரும்போதெல்லாம் அவள் காதில் வெள்ளித் தோடுகள் ஆடின. நிச்சயத்தன்று மாமியார் போட்டுவிட்ட தோடு. இடது தோட்டில் ஒரு பவழம் உதிர்ந்து குழி மட்டும் இருந்தது.

மாமியார் சாலிகா ஜன்னலோரம் உட்கார்ந்து கம்பளி நூற்றுக்கொண்டிருப்பாள். நூற்றபடியே தூங்கியும் போவாள்.

அந்த வார்டில் கெட்ட செய்தியை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. டாக்டர் சொல்லமாட்டார், நர்ஸும் சொல்லமாட்டாள். வேலைக்கு வந்த முதல் வாரமே மீரிம் அதைப் பார்த்தாள். பக்கத்துக் கட்டிலில் வயிறு வீங்கிக் கிடந்த கிழவரின் மகன், அப்பா தேறுவாரா என்று பெரிய நர்ஸைக் கேட்டான். அவள் ஒன்றும் பேசாமல் கண்ணைத் தாழ்த்தி, கிழவரின் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போனாள். மகன் வராந்தாவுக்குப் போய்ச் சுவரில் நெற்றியை முட்டிக்கொண்டு அழுதான். அடுத்த நாளே துக்க விருந்துக்கு வெட்டக் குதிரை பார்க்க ஊருக்குக் கிளம்பிவிட்டான். யாரும் அவனுக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று தைலம் தடவி முடித்தபின் புருல் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். நூற்கும் கதிர் அவள் மடியில் கிடந்தது, தலை தொங்கியிருந்தது. ஒரோஸ்பெக்கும் சுவரைப் பார்த்தபடி கண்ணை மூடியிருந்தான். புருல் மீரிமின் கையைப் பிடித்தாள்.

"தங்கச்சி, ஒண்ணு கேக்கணும். தப்பா நெனச்சுக்காத. டாக்டர் ஆம்பள, அவர்கிட்ட எப்படிக் கேக்குறது? கல்யாணமாகி ஒரு மாசத்துல இவரு ரஷ்யாவுக்குப் போயிட்டாரு. இனிமே நாங்க புருஷன் பொண்டாட்டியா இருக்க முடியுமா? ஒரு புள்ள பெத்துக்க முடியுமா?"

முடியும். மீரிமுக்கு அது தெரியும். பாடப் புத்தகத்தில் முதுகெலும்பு அடிபட்டவர்களைப் பற்றிய பாடத்தின் கடைசியில் அது இருந்தது. தமாரா டீச்சர் அந்தப் பக்கத்தை மட்டும் புரட்டிவிட்டு, "இத வீட்ல படிச்சுக்கோங்க," என்றார். வகுப்பே களுக்கென்று சிரித்தது. ஒருத்தி மட்டும் எழுந்து சந்தேகம் கேட்டாள். அந்த வருஷம் முழுக்க அவளுக்குக் 'கல்யாணப் பொண்ணு' என்று பட்டம். மீரிம் மினிபஸ்ஸில் கடைசி சீட்டில் உட்கார்ந்து, யாரும் எட்டிப் பார்க்காதபடி புத்தகத்தை நெஞ்சருகே சாய்த்துப் பிடித்துப் படித்தாள். உணர்ச்சி போனாலும் எல்லாமே போய்விடுவதில்லை. மூத்திரக் குழாயை ஒதுக்கிக் கட்டிக்கொள்ளலாம். மருந்து இருக்கிறது. தானாகக் குழந்தை தங்காவிட்டாலும் நகரத்து டாக்டர்களின் உதவியோடு பெற்றுக்கொண்டவர்கள் நிறையப் பேர். இவ்வளவுதான். நாலு வாக்கியம்.

ஆனால் பக்கத்துக் கட்டிலில் அந்தக் கிழவர் இன்னும் உயிரோடிருந்தார், விழித்தும் இருந்தார். கல்யாணமாகாத பெண் ஆண்கள் வார்டில் நின்று இதையெல்லாம் பேசினாள் என்று ஒருத்தர் சொன்னால் போதும். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? அவளுக்கு முகம் காதுவரை கொதித்தது. ஒன்றும் பேசாமல் கண்ணைத் தாழ்த்தினாள். கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. ஒரோஸ்பெக்கின் போர்வையை இழுத்துச் சரி செய்தாள்.

புருல் அவள் கையை விட்டாள். "சரி தங்கச்சி," என்றாள்.

வராந்தா முனைக்கு வந்து தைல பாட்டிலை மூடும்போதுதான் மீரிமுக்குத் தான் செய்தது உறைத்தது. திரும்பிப் போய்ச் சொல்லிவிடலாம் என்று நாலடி வைத்தாள். வார்டு வாசலில் பெரிய நர்ஸ் நின்று யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அவளைக் குழந்தைகள் பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். நடுவில் ஒருநாள் வெந்நீர் பிடிக்கும் இடத்தில் புருல் கெட்டிலோடு நின்றாள். அவளைப் பார்த்ததும் மீரிம் மாடிப்படிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். டிஸ்சார்ஜ் ஆன அன்று புருலே தேடி வந்து, மாவை வெட்டி எண்ணெயில் பொரித்த போர்சோக் ஒரு பை நிறையக் கொடுத்தாள். அவர் முதுகில் ஒரு புண்கூட வராமல் பார்த்துக்கொண்டாயே, உன் கைக்குப் புண்ணியம் என்றாள். கண் வீங்கியிருந்தது. இப்போது சொல், இப்போது சொல் என்று மீரிமின் மனசு அடித்துக்கொண்டது. குழந்தைகள் பிரிவுத் தாய்மார்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். மீரிம் பையை வாங்கிக்கொண்டாள். அந்தப் போர்சோக்கை அவளால் தின்ன முடியவில்லை. தங்கைகள் தின்று தீர்த்தார்கள்.

பனி உருகும் காலத்தில், பெண் பார்க்க வருகிறார்கள் என்று அம்மா சொன்னாள். மேல் கிராமத்து விதவையாம், இளைய மகனுக்காம். பையன் லாரி ஓட்டுகிறான், குடிப்பதில்லை, மூத்தவனுக்குத்தான் உடம்பு சரியில்லையாம். அவர்களாகவே தேடி வருகிறார்கள், உன்னை எங்கேயோ பார்த்திருக்கிறார்கள் என்று அம்மா பூரித்துப் போயிருந்தாள். உடம்பு சரியில்லாத மூத்தவன் என்று கேட்டதும் மீரிமுக்குத் திக்கென்றது. அப்படி எத்தனை வீட்டில் இல்லை என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வாசலில் பூட்ஸைக் கழற்றிவிட்டு முதல் ஆளாக உள்ளே வந்தது சாலிகா.

பெண்கள் விரிப்பைச் சுற்றி உட்கார்ந்தார்கள். மீரிம் டீ ஊற்றினாள், கிண்ணத்தில் சிந்தியது. சாலிகா எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"அன்னிக்கு வார்டுல நான் தூங்கல. அவ கேக்கக் கூடாதத கேட்டா. இந்தப் பொண்ணு வாயே தெறக்கல, கண்ணத் தாழ்த்திக்கிச்சு. படிச்ச புள்ளைக்கு இவ்வளவு அடக்கமான்னு அப்பவே முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு ஒரு நர்ஸ் வந்தா பெரியவனுக்கும் நல்லதுதானே."

புருல் அக்கா எங்கே என்று மீரிம் கேட்டாள். சாலிகா பெருமூச்சு விட்டாள். பெரியவனும் அன்று தூங்கவில்லையாம். ஆஸ்பத்திரிக்காரப் பெண்ணே பதில் சொல்லாமல் போர்வையைச் சரி செய்துவிட்டுப் போய்விட்டாள், இதற்கு மேல் என்ன என்று சொன்னானாம். வீட்டுக்கு வந்த மறுவாரம் முல்லாவைக் கூப்பிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டே அவனாகவே தலாக் சொல்லிவிட்டானாம். சின்ன வயசுக்காரி, எதற்கு என்னோடு மக்க வேண்டும் என்றானாம். அவள் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு போகமாட்டேன் என்று அழுதாளாம். அண்ணன்மார் வந்து சீர் மெத்தைகளோடு அவளையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

சுற்றியிருந்த பெண்கள் உச்சுக்கொட்டினார்கள். சாலிகா கைக்குட்டையை அவிழ்த்தாள். உள்ளே இரண்டு வெள்ளித் தோடுகள். ஒன்றில் பவழம் இல்லை.

"பழசுதான். ஆனா எங்க மாமியார் போட்டது. சுத்தமான வெள்ளி."

அவள் மண்டியிட்டு மீரிமின் வலது காதில் முதல் தோட்டை மாட்டினாள். உலோகம் சில்லென்றிருந்தது. இடது காதுக்காகச் சாய்ந்தபோது அவள் முகம் மிகப் பக்கத்தில் வந்தது. மீரிம் அவள் காதுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"முடியும்மா. அவரால முடியும். வழி இருக்கு, மருந்து இருக்கு, புள்ள பெத்துக்கவும் முடியும். அன்னிக்கே எனக்குத் தெரியும். வெக்கப்பட்டுச் சொல்லாம விட்டுட்டேன். பாவி நான்."

தோடு பிடித்த கை நின்றது. பின்னால் யாரோ ஜாம் கேட்டார்கள். சாலிகாவின் கண் ஒருமுறை மீரிமின் முகத்தில் பதிந்தது, பிறகு தாழ்ந்தது. மீரிமின் கழுத்தோரத் துணியை இழுத்துச் சரி செய்தாள்.

"போன வாரம் அவள வேற எடத்துல கட்டிக் கொடுத்துட்டாங்க," என்றாள் தணிந்த குரலில். "இத அவன் காதுல போட்டுடாத. தெரிஞ்சா செத்துருவான். என் புள்ள தாங்கமாட்டான்."

கொக்கி காது ஓட்டையைத் தேடித் தடுமாறி உள்ளே இறங்கியது. வெள்ளை முக்காடு மீரிமின் தலையில் விழுந்தது. எல்லோரும் கையேந்தி வேண்டிக்கொண்டு முகத்தைத் தடவிக்கொண்டார்கள். மீரிமின் அம்மா அழுதாள், சந்தோஷத்தில்.

கூட வந்த அத்தைக்காரி மருமகள் முறைகளைச் சொல்லிக் கொடுத்தாள். புருஷனின் அண்ணன் பெயரை வாயில் எடுக்கக் கூடாது. அவருக்கு நேரே நின்று முகத்தைப் பார்த்துப் பேசக் கூடாது. எதையும் கதவோரம் நின்று இரண்டே வார்த்தையில் சொல்ல வேண்டும்.

"எங்க, சொல்லிப் பாரு. பெரியவரே, டீ வச்சிருக்கேன்."

மீரிம் வாயைத் திறந்தாள். தோடுகள்தான் ஆடின.

"கொரலே வெளிய வரல பாருங்க," என்று சிரித்தாள் அத்தைக்காரி. "எவ்வளவு நல்ல பொண்ணு."