முதல் வரிசைச் சிரிப்பு

சாலமோன் யாரையும் லேசில் நம்புகிற ஆள் இல்லை. கரண்ட் ரீடிங் எடுக்க வருகிறவனின் தோளுக்குப் பின்னால் நின்று எண்ணைப் பார்ப்பார். பாஸ்டர் ஜெபம் பண்ணும்போதுகூட ஒரு கண்ணைத் திறந்தே வைத்திருப்பார். திருமுடிவாக்கத்தில் ஒரு பட்டறையில் தகடு வெட்டும் பிரஸ் ஓட்டி, இடது கையில் இரண்டு விரல் நுனியை அங்கேயே விட்டுவிட்டு வந்தவர். "ரொம்ப நல்ல மிஷின், ஒண்ணும் பண்ணாது" என்று சொல்லித்தான் அதில் உட்கார வைத்தார்கள். அன்றிலிருந்து யாராவது நல்லபடியாகப் பேசினால் அவர் கை தானாகப் பின்னுக்குப் போகும்.

அப்படிப்பட்ட மனுஷனுக்குப் பிறந்த பெண்ணுக்கு நல்லபடியாகப் பேசுவதே வேலையாக வாய்த்தது. ஜென்சி விமானப் பணிப்பெண். நாலு வருஷம் பின்பக்கத்தில் டிராலி தள்ளினாள். போன வருஷக் கடைசியில் அவளை முன்பக்கத்துக்கு மாற்றினார்கள். முன்பக்கம் என்றால் பிசினஸ் கிளாஸ். வேலை கூடியதா மரியாதை கூடியதா என்று சாலமோனுக்கு விளங்கவில்லை. அதனால் ஒருநாள் ஹாலிலேயே நடத்திக் காட்டினாள். அப்பாவை சோபாவில் உட்கார வைத்து, வெந்நீரில் நனைத்த கைத்துண்டை இட்லி இடுக்கியால் எடுத்து நீட்டினாள். எவர்சில்வர் டம்ளரில் சாத்துக்குடி ஜூஸ் வந்தது. பிறகு சோபாவை ஒட்டி ஒரு முட்டியை மடித்துத் தரையில் உட்கார்ந்து, அவர் முகத்தை அண்ணாந்து பார்த்து, "மிஸ்டர் சாலமோன், சாப்பிட என்ன கொண்டுவரட்டும்?" என்றாள்.

"இன்னாத்துக்குடி முட்டி போடுற?"

"நின்னுக்கிட்டுப் பேசினா அவங்க அண்ணாந்து பாக்கணும்ப்பா. முன்னாடி சீட்டுல உக்கார்றவங்களுக்குக் கழுத்து வலிக்கக் கூடாது."

"சர்ச்சுல முட்டி போடச் சொன்னா கால் வலிக்குதும்ப. எவனோ ஒர்த்தனுக்குன்னா நல்லா மடங்குது."

சமையலறையில் அவர் மனைவி தபீதாள் சிரித்தாள். ஜென்சியும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னாள். விமானம் குலுங்கும்போது யாரும் ஜன்னலைப் பார்க்க மாட்டார்களாம். பணிப்பெண்ணின் முகத்தைத்தான் பார்ப்பார்களாம். அவள் முகம் மாறினால் மொத்தக் கூட்டமும் கத்த ஆரம்பித்துவிடும். அதனால் பயம் வந்தால் சிரிக்க வேண்டும். கை நடுங்குவது தெரியாமல் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும்.

"எவ்ளோ பயமோ அவ்ளோ பெருசா சிரிக்கணும்ப்பா. பழகிட்டா தானா வந்துடும்."

"அப்போ நீ சிரிக்கிறதை நம்பவே கூடாதுன்னு சொல்லு."

அவருக்கு அந்த வேலையே பிடிக்கவில்லை. சம்பளத்துக்குச் சிரிக்கிற சிரிப்பை ஒருநாள் எவனாவது நிஜம் என்று எடுத்துக்கொள்வான் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஆனால் சொல்லும்போதெல்லாம் அவருக்குக் கோபம் வந்தது மகள் மேல்தான். அந்த எவனோ மேல் வரவில்லை.

அந்த எவனோ ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில் வாசலில் வந்து நின்றான்.

வெள்ளைக் கார் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது. இறங்கியவனுக்கு நாற்பது வயதிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. கையில் பெரிய ஸ்வீட் பெட்டி. ஷூவைக் கழற்றினான். அதை ஓரமாகத் தள்ளிவிடாமல், குனிந்து, ஜென்சியின் செருப்புக்குப் பக்கத்தில் ஒட்டினாற்போல ஜோடி சேர்த்து வைத்தான். அதைச் சாலமோன் பார்த்தார்.

"வணக்கம் அங்கிள். நான் ஷ்யாம்சுந்தர். ஜென்சி இருக்காங்களா?"

"யாரு நீ?"

"அவங்க ஃப்ளைட்ல அடிக்கடி வர்றவன். சிங்கப்பூருக்கு மாசம் ரெண்டு மூணு தடவை போவேன். முதல் வரிசை, ஜன்னல் சீட்டு. சொன்னா அவங்களுக்குத் தெரியும்."

சாலமோன் அடுத்த கேள்விக்கு வாயைத் திறப்பதற்குள் தபீதாள் "உள்ள வாங்க தம்பி" என்றுவிட்டாள். நன்றாக உடுத்திக்கொண்டு வருகிறவர்களை வாசலில் நிற்க வைப்பது அவளுக்கு ஆகாது. ஜென்சி காலையில்தான் ட்யூட்டி முடிந்து வந்து தூங்குகிறாள், எழுப்பட்டுமா என்றாள்.

"வேண்டாம் ஆன்ட்டி, தூங்கட்டும். நான் வெயிட் பண்றேன்."

காபியை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான். மெதுவாகப் பேசினான். "உங்க பொண்ணு மாதிரி மரியாதை தெரிஞ்சவங்களை நான் எந்த ஏர்லைன்லயும் பாத்ததில்ல. உக்காந்ததுமே பேர் சொல்லிக் கூப்பிடுவாங்க. கோட்டை வாங்கி மாட்டுவாங்க. காபில சர்க்கரை வேண்டாம்னு ஒரே ஒரு தடவை சொன்னேன், அடுத்த மாசம் கேக்காமலே சர்க்கரை இல்லாம வந்துது. நைட் ஃப்ளைட்னா படுக்கை போட்டுத் தருவாங்க."

"படுக்கையா?" தபீதாள் சாலமோனைப் பார்த்தாள்.

"சீட்டே படுக்கையா மாறும் ஆன்ட்டி. மேல மெத்தை விரிச்சு, தலகாணி வச்சுத் தருவாங்க."

"அது எல்லாத்துக்கும் செய்றதுதானே" என்றார் சாலமோன். "டிக்கெட்டுல அதுவும் சேந்துதான கீது? சம்பளம் வாங்குறா, செய்றா."

"இல்ல அங்கிள்." முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. "எல்லாருக்கும் சிரிக்கிறது வேற. எனக்குச் சிரிக்கிறது வேற. எனக்கு வித்தியாசம் தெரியும்."

அப்போதும் சாலமோன் நினைத்தது இதைத்தான்: இவ இன்னா பண்ணி வச்சிக்கிறா? எங்கே சிரித்து வைத்தாள், எவ்வளவு தூரம் பேசி வைத்தாள் என்று உள்ளறைக் கதவை முறைத்துப் பார்த்தார்.

அவன் காபியை ஒரு மிடறு குடித்தான். "ஆனா கடைசி ரெண்டு ஃப்ளைட்டா கொஞ்சம் மாறிட்டாங்க அங்கிள். எனக்கு வேற பொண்ணை அனுப்புறாங்க. திரைக்குப் பின்னாடி போய் நின்னுக்கிறாங்க. நான் எதாவது தப்பு பண்ணிட்டேனான்னு கேட்டுட்டுப் போகலாம்னுதான் வந்தேன். முன்னாடி கேபின்ல அப்படி நடந்துக்கக் கூடாது. என்னை மாதிரி, அடிக்கடி பறக்கிறவங்களுக்குக் குடுக்கிற பெரிய கார்டு வச்சிருக்கிறவன் ஒரு மெயில் போட்டா, விசாரணை முடியிற வரைக்கும் அவங்களைப் பறக்க விடாம கீழ இறக்கிடுவாங்க. எனக்கு அதெல்லாம் பிடிக்காது. அதான் நேர்ல வந்துட்டேன்."

"வூட்டை யாரு காட்டினது?"

"செம்பாக்கம் ஏரிகிட்டன்னு அவங்களே ஒருநாள் சொன்னாங்க. மத்தது ஒண்ணும் கஷ்டமில்ல." தபீதாள் பக்கம் திரும்பினான். "இந்தத் தெருதான் பாவம் ஆன்ட்டி, அவங்களுக்குப் பேஜார். பள்ளம் தோண்டிப் போட்டிருக்கிறதால கேப் உள்ள வர்றதில்ல. தெருமுனையிலேருந்து பெட்டியைத் தூக்கிக்கிட்டே நடக்கிறாங்க. அந்த டிரான்ஸ்ஃபார்மர்கிட்ட வந்ததும் ஒரு நிமிஷம் வச்சிட்டு, கை மாத்திக்குவாங்க."

சாலமோன் தன் காபி டம்ளரைக் கீழே வைத்தார்.

சாக்கடைக்காகத் தோண்டிய பள்ளத்தை மூடி பத்து நாளுக்கு மேல் ஆகிறது. இன்று காலை கேப் கேட்டு வரைக்கும் வந்துதான் ஜென்சியை இறக்கியது. இவனுடைய காரே இப்போது கேட்டில்தான் நிற்கிறது. அப்படியானால் பள்ளம் இருந்தபோதே இவன் இங்கே வந்திருக்கிறான். இருட்டிலோ வெளிச்சத்திலோ எங்கோ நின்று அவள் எந்த இடத்தில் கை மாற்றுகிறாள் என்பது வரை பார்த்திருக்கிறான். ஒருநாள் பார்த்ததை "மாத்திக்குவாங்க" என்று யாரும் சொல்ல மாட்டார்கள்.

உள்ளறைக் கதவு திறந்தது.

ஜென்சி நைட்டியோடு, கலைந்த தலையோடு நின்றாள். பேச்சுக் குரல் கேட்டு எழுந்து வந்திருக்க வேண்டும். சோபாவில் இருப்பவனைப் பார்த்தாள். ஒரு நொடிதான். முதுகு நிமிர்ந்தது, கால்கள் சேர்ந்தன, முகம் மலர்ந்தது.

"குட் மார்னிங், மிஸ்டர் ஷ்யாம்சுந்தர்."

சொந்த வீட்டில், தூக்கம் கலையாத கண்ணோடு, அந்த விமானக் குரலில் சொன்னாள். பல் அத்தனையும் தெரியச் சிரித்தாள்.

"பாத்தீங்களா அங்கிள்?" என்றான் அவன். "இந்தச் சிரிப்பைத்தான் சொன்னேன்."

கெட்ட வார்த்தை ஒன்று மகளைப் பார்த்துக் கிளம்பி சாலமோனின் நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அவர் எதையும் முன்பக்கம் மட்டும் பார்த்து நம்புகிறவர் இல்லை. அவள் தோளுக்கு அந்தப் பக்கம் பார்த்தார். அறைக்குள் இருந்த பீரோ கண்ணாடியில் அவளுடைய முதுகு தெரிந்தது. பின்னால் கட்டியிருந்த கைகள் தெரிந்தன. ஒரு கை இன்னொரு கையின் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அப்படியும் இரண்டும் நிற்காமல் ஆடின.

வார்த்தையை விழுங்கிவிட்டு எழுந்தார்.

"எழுந்திரு."

"அங்கிள்?"

"அந்த ஸ்வீட்டை எடுத்துக்கோ. ஷூவை மாட்டு. கிளம்பு."

"நான் மரியாதையாத்தானே பேசிக்கிட்டிருக்கேன் அங்கிள்."

"நான் எட்டாவது படிச்சவன், எனக்கு மரியாதை தெரியாது. அவகிட்ட கீற மரியாதை கம்பெனி கொடுத்தது. இது கம்பெனி இல்ல, என் வூடு. எழுந்திருடா."

அவனுக்குக் கோபம் வந்திருந்தால்கூடச் சாலமோனுக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். வரவில்லை. மிச்சக் காபியை நிதானமாகக் குடித்து முடித்தான். டம்ளரை இரண்டு கையாலும் தபீதாளிடம் கொடுத்தான். ஸ்வீட் பெட்டியை எடுக்கவில்லை. வாசலில் உட்கார்ந்து ஷூ லேஸைக் கட்டினான். ஜென்சியின் செருப்பில் ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதைத் திருப்பி நேராக வைத்தான்.

"நாளைக்கு ஈவினிங் ஃப்ளைட்ல பாப்போம் ஜென்சி. அதே சீட்டு."

"ஷ்யூர் சார்."

கார் தெருமுனை திரும்பிய பிறகும் அந்தச் சிரிப்பு அவள் முகத்திலிருந்து இறங்கவில்லை. தபீதாள் போய்க் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து, "போய்ட்டான்டி, போய்ட்டான்" என்று சொன்ன பிறகுதான் உதடு மூடியது. அப்புறம் அழுதாள்.

மூன்று மாதமாக நடக்கிறதாம். முதலில் பாராட்டி மெயில் போட்டான். பிறகு போன் நம்பர் கேட்டான், அவள் கொடுக்கவில்லை. பிறகு அவள் போகிற விமானமாகப் பார்த்து ஏற ஆரம்பித்தான். மேலதிகாரிகளிடம் சொன்னதற்கு, பெரிய கார்டு வைத்திருப்பவர், பக்குவமாகப் பார்த்துக்கொள் என்றார்களாம்.

"என்கிட்ட ஏண்டி சொல்லல?"

"உன்கிட்டயா?" கண்ணைத் துடைத்துக்கொண்டு அவரைப் பார்த்தாள். "சொன்னா முதல்ல என்னப்பா கேட்டிருப்ப? நீ எதுக்குடி அவனைப் பாத்து சிரிச்சன்னுதானே?"

சாலமோன் ஆணியில் தொங்கிய மொபெட் சாவியை எடுத்தார். "ஸ்டேஷனுக்குப் போலாம், வா" என்றார்.

"போய் என்னன்னு எழுதித் தர்றது? வீட்டுக்கு வந்தான், ஸ்வீட் குடுத்தான், செருப்பை நேரா வச்சான்னா?"

"அப்போ நாளைக்குப் போகாத."

"கடைசி நேரத்துல வரலைன்னு சொன்னா அதுக்கு ஒரு விசாரணை. அவன் மெயிலும் அதோட சேந்துக்கும். வேலை போச்சுன்னா மட்டும் அவன் விட்ருவானா? வீடு தெரியுமே அவனுக்கு." மூக்கை உறிஞ்சினாள். "என்னைப் பின்னாடி மாத்தச் சொல்லிக் கேக்கிறேன்ப்பா. கூட வேலை பாக்கிற சுஜி எனக்குப் பதிலா முன்னாடி போறேன்னிருக்கா. ஆனா ஏர்போர்ட்ல யாருக்கு எந்தப் பக்கம்னு சொல்ற பிரீஃபிங் முடிஞ்சப்புறம்தான் தெரியும்."

"தெரிஞ்சதும் சொல்லு."

"நீதான் மெசேஜ் பாக்க மாட்டியே."

"ஏர்போர்ட் கண்ணாடிக்கு வெளிய நிப்பேன். கைய காட்டு, போதும்."

"சரி. பின்னாடி மாத்திட்டாங்கன்னா கைய தூக்கிக் காட்டுறேன்."

மாற்றாவிட்டால் என்ன என்று அவர் கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

மறுநாள் மதியம் கேப் வந்தது. கம்பெனி ஆட்களைத் தவிர யாரையும் ஏற்றக் கூடாது என்றான் டிரைவர். சாலமோன் தன்னுடைய மொபெட்டை எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனார். ஜி.எஸ்.டி. ரோட்டில் பஸ்களுக்கு நடுவே புகுந்து, குரோம்பேட்டை, பல்லாவரம் என்று கேப்பின் பின் கண்ணாடியை விடாமல் போனார். ஒவ்வொரு சிக்னலிலும் வெள்ளைக் கார்களைத் தேடினார். எத்தனையோ வெள்ளைக் கார்கள். எதிலும் அவன் இல்லை. ஏர்போர்ட் நெருங்க நெருங்க, ஒருவேளை நேற்றுப் போட்ட சத்தத்தில் பயந்திருப்பான் என்றுகூட நினைத்துக்கொண்டார். வண்டியை வெளியே விட்டுவிட்டு, புறப்பாட்டுப் பக்கம் மேலே ஏறிப் போனார்.

வாசலில் துப்பாக்கிக்காரன் டிக்கெட் கேட்டான். இல்லை என்றதும் கையை நீட்டித் தள்ளி நிற்கச் சொன்னான். சாலமோன் தள்ளிப் போய்க் கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தார்.

உள்ளே எல்லாக் கவுன்டரிலும் வரிசை நெளிந்துகொண்டிருந்தது. ஒரு கவுன்டரில் மட்டும் கூட்டமே இல்லை. அதற்கு முன்னால் சிவப்புக் கம்பளம் விரித்திருந்தார்கள். கம்பளத்தில் ஒரே ஒரு ஆள், கோட்டு போட்டுக்கொண்டு, சாய்ந்து நின்றான். அவன் எப்படித்தான் தெரிந்துகொண்டானோ, மெதுவாகத் திரும்பி நேராகச் சாலமோனைப் பார்த்தான். கை கூப்பினான். வாய் அசைந்ததில் "வணக்கம் அங்கிள்" என்று தெரிந்தது.

நிற்க நிற்கக் கால் மரத்துப்போனது. கடைசியில் ஒரு கதவு திறந்து சீருடைக் கூட்டம் பெட்டிகளை உருட்டிக்கொண்டு வந்தது. கொண்டை போட்டு, உதட்டுச் சாயம் பூசி, நாலாவதாக ஜென்சி. அவளுக்குப் பக்கத்தில் வந்த பெண் தரையைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். அது சுஜியாக இருக்க வேண்டும். கம்பளத்தைத் தாண்டும்போது அவன் ஏதோ சொல்ல, ஜென்சி தலையைச் சாய்த்து அதற்கு ஏதோ சொன்னாள். பிறகு கண்ணாடிப் பக்கம் திரும்பி அப்பாவைத் தேடினாள். பார்த்துவிட்டாள்.

"தூக்கு" என்றார் சாலமோன், கண்ணாடிக்குள் கேட்கும் என்பதுபோல. "கைய தூக்குடி."

அவள் பெட்டியின் பிடியை விட்டாள். இரண்டு கையும் மெல்லப் பின்னால் போயின. பிறகு அவரைப் பார்த்துச் சிரித்தாள். அத்தனை பெரிய சிரிப்பை அவர் அவள் முகத்தில் ஒருநாளும் பார்த்ததில்லை.

பக்கத்தில் டிராலிகளைச் சேர்த்துத் தள்ளிக்கொண்டிருந்தவர் நின்று பார்த்தார்.

"உங்க பொண்ணா பெரியவரே? இன்னா சந்தோஷமா போவுது பாருங்க."

சாலமோன் அந்த விரல் குறைந்த கையால் கண்ணாடியை அடிக்க ஆரம்பித்தார்.