ஸ்விட்ச் போடும் முன்

பயம் என்பது கையேட்டைப் படிக்காதவர்களுக்கு வரும் வியாதி. இதை நான் முழுப் பொறுப்புடன் சொல்கிறேன். மனித இனம் இடிக்கும், மின்னலுக்கும் இத்தனை ஆயிரம் வருடம் நடுங்கியதற்கு ஒரே காரணம், இரண்டுக்கும் அச்சிட்ட கையேடு கிடையாது என்பதுதான். கம்ப்யூட்டருக்குள் இருக்கும் மதர்போர்டுக்கு இருக்கிறது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம், ஆறு மொழிகளில். படித்தவன் நடுங்க வேண்டியதில்லை. இந்த வாசகத்தை எங்கள் இணைய மன்றத்தில் என் ஒவ்வொரு பதிவுக்கும் அடியில் கையெழுத்துபோல வைத்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை பதினொன்று இருபதுக்கு, அக்காவின் மேசைக்கு அடியில் முட்டிபோட்டு, அவளுடைய கம்ப்யூட்டருக்குள் எரியும் ஓர் ஆரஞ்சு விளக்கை நான் பார்த்துக்கொண்டிருந்தபோதும் அந்த வாசகம் மன்றத்தில் கம்பீரமாகத்தான் இருந்தது.

மன்றத்தில் இரண்டு கட்சிகள். சிவப்பு நிறுவனத்தின் பிராசஸர் வைத்திருப்பவர்கள், நீல நிறுவனத்தின் பிராசஸர் வைத்திருப்பவர்கள். எதையும் வைத்திருக்காமல் கருத்து மட்டும் வைத்திருப்பவர்களும் உண்டு. நான் அந்த வகையில் இருந்துகொண்டு சிவப்புக் கட்சிக்குத் தலைமை தாங்கினேன். என்னிடம் இருந்தது இரண்டு பொத்தான் உதிர்ந்த ஒரு பழைய லேப்டாப். படிப்பது வணிகவியல், இரண்டாம் ஆண்டு. மன்றத்தில் என் பெயர் தலைமைப் பொறியாளர். வீட்டில் என் பெயர் டேய்.

நீலக் கட்சியின் தலைவருக்கு வெப்பமானி என்று பெயர். எந்தப் பேச்சை எடுத்தாலும் "உங்க சிப் எத்தனை டிகிரி கொதிக்குது?" என்று வந்து நிற்பார். போன வாரம் முழுக்க எங்களுக்குள் மதர்போர்டுகளின் பெயர்ச் சண்டை. கே-70 என்று ஒன்று, கே-70 எம் என்று ஒன்று, கே-70 எம் பிளஸ் என்று இன்னொன்று. இவற்றுக்குள் என்ன வித்தியாசம் என்பதை யாரிடமும் சொல்வதில்லை என்று தயாரித்தவர்கள் ஓர் அறையில் உட்கார்ந்து சத்தியம் செய்திருப்பார்கள்போல. எம் என்று முடிகிற போர்டெல்லாம் பெயருக்குத்தான் கே-70, உள்ளே சரக்கு கிடையாது, புது பயாஸ் ஏற்றினால் படுத்துவிடும் என்று வெப்பமானி எழுதினார். பயாஸ் என்பது கம்ப்யூட்டர் கண் விழித்ததும் முதலில் ஓடும் நிரல். அதை மாற்றுவது அரை மணி நேர வேலை. பெயரைப் பார்த்தே பயப்படுகிறவர்கள் கால்குலேட்டர் வாங்கிக்கொள்ளலாம் என்று நான் பதில் போட்டேன். அவர் விடவில்லை. "அப்ப ஏத்திக் காட்டுங்க சார். உங்ககிட்ட போர்டு இருக்கா, இல்ல போர்டோட போட்டோதான் இருக்கா?" அதற்கு நாற்பத்து மூன்று பேர் சிரிப்பு போட்டார்கள். அதில் ஏழு பேர் என் கட்சி.

மன்றத்தில் எந்தக் கட்சியிலும் சேராத ஒரு பிறவியும் இருந்தது. பெயர் நிதானம். ஆணா பெண்ணா, வயது என்ன, எதுவும் தெரியாது. யார் எதைக் கேட்டாலும் "காப்பி எடுத்து வச்சாச்சா?" என்று திருப்பிக் கேட்பதுதான் தொழில். 'ஸ்விட்ச் போடும் முன்' என்று அது ஓர் உரையாடல் திரி ஆரம்பித்து வைத்திருந்தது. பாகங்களை வாங்கிப் புதிதாக மெஷின் பூட்டியவர்கள், முதல் தடவை ஸ்விட்சைத் தட்டுவதற்கு முன்னால் அங்கே வந்து, "கை நடுங்குது, யாராவது இருக்கீங்களா?" என்று எழுதுவார்கள். எங்கிருந்தோ இரண்டு பேர், "இருக்கோம், போடுங்க" என்பார்கள். அவ்வளவுதான். யோசனை, விளக்கம் எதுவும் கிடையாது. இருக்கோம். இதைவிடக் கேவலமான காட்சியைத் தொழில்நுட்ப உலகம் கண்டதில்லை என்பது என் கருத்து. ஒரு நாள் நானும் அங்கே போய், "குளியலறை பல்பைப் போடப்போகிறேன். அறுபது வாட்ஸ். உடம்பெல்லாம் பதறுகிறது. யாராவது இருக்கீங்களா?" என்று எழுதினேன். என் வாழ்க்கையிலேயே அதிகம் சிரிக்கப்பட்ட பதிவு அது. நிதானம் மட்டும் கோபப்படாமல், "இருக்கோம், போடுங்க" என்று பதில் போட்டது. அதற்கும் சிரித்தோம்.

அக்காவின் கம்ப்யூட்டரில் இருப்பது கே-70 எம். நான்தான் பொறுக்கி எடுத்துப் பூட்டிக் கொடுத்தேன். அவள் பல் செய்பவள். பல் டாக்டர்கள் வாயை ஸ்கேன் எடுத்து அனுப்புவார்கள். அவள் திரையில் ஒவ்வொரு பல்லாகச் செதுக்கி, மேலும் கீழும் கடித்தால் உட்காருகிறதா என்று பார்த்து, ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவாள். அங்கே ஓர் இயந்திரம் அதை வெள்ளைக் கட்டியிலிருந்து கடைந்து எடுக்கும். வேலையில் சேர்ந்து மூன்றாவது மாதம், இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. இந்த வாரம் பதினேழு பேருடைய பற்கள். அதில் ஒருவர் பஸ் டிரைவர். விபத்தில் ஸ்டியரிங்கில் மோதி முன் பல் நான்கும் போய்விட்டது. மனுஷன் வேலைக்குப் போவதில்லை, வீட்டில்கூடத் துண்டால் வாயைப் பொத்திக்கொண்டே பேசுகிறாராம். அவருடைய பழைய போட்டோவைப் பக்கத்தில் ஒட்டிவைத்து, அதில் ஒரு பல் லேசாகச் சாய்ந்திருந்ததால் இதிலும் லேசாகச் சாய்த்துக்கொண்டு, நாலு நாளாக அக்கா அதிலேயே கிடந்தாள். திங்கள் காலை ஒன்பது மணிக்குப் பதினேழும் போக வேண்டும். முடித்த பிறகுதான் அனுப்புவாள். பாதி வேலையெல்லாம் அந்தப் பெட்டிக்குள்தான்.

ஸ்கேனில் திருத்தம் வாங்க அவள் ஒரு கிளினிக்குக்குப் போயிருந்தாள். வர ஒரு மணி நேரம் ஆகும் என்றாள். அரை மணியில் பயாஸ் ஏற்றி, திரையைப் படம் பிடித்து, வெப்பமானியின் வாயில் போட்டுவிடலாம். மேசை இழுப்பறையில் ஒரு பென் டிரைவ் கிடந்தது. அதைச் சுத்தமாக ஃபார்மேட் செய்து, பயாஸ் கோப்பை அதில் போட்டு, பின்னால் செருகினேன். சதவீதம் ஓடி நூறு வந்தது. மெஷின் தானாக அணைந்து, தானாக எழுந்தது. திரை எழவில்லை.

முதல் மூன்று நிமிடம் நான் புன்னகையோடு இருந்தேன். ஏனென்றால் எனக்குத் தெரியும். புது பயாஸ் வந்ததும் போர்டு தன் நினைவகத்தை முதலிலிருந்து பழகிக்கொள்ளும். அதுவரை திரை கறுப்பாக இருக்கும், ஆரஞ்சு விளக்கு எரியும். நடுவில் மின்சாரத்தைப் பிடுங்கக் கூடாது. இதை மன்றத்தில் நானே முப்பது பேருக்காவது எழுதியிருக்கிறேன், கொஞ்சம் கேலியோடு. நாலாவது நிமிடம் கையேட்டை எடுத்தேன். 'சிறிது நேரம் ஆகலாம்' என்று இருந்தது. மற்ற ஐந்து மொழிகளிலும் ஏறக்குறைய அதே நீளத்தில்தான் அந்த வரி இருந்தது. ஏழாவது நிமிடம் ஃபேன் திடீரென்று வேகமெடுத்து, அப்புறம் மூச்சுவிட்டதுபோல அடங்கியது. காத்திருக்கிறதா, செத்துவிட்டதா என்று எப்படித் தெரியும்? இரண்டுக்கும் ஒரே விளக்கு. பிளக்கைப் பிடுங்கினால், காத்திருந்ததை நானே கொன்றதாக ஆகும். பிடுங்காவிட்டால் பிணத்துக்கு முன்னால் முட்டிபோட்டிருக்கிறேன். கை தானாகப் பிளக் வரை போனது. தானாகத் திரும்பி வந்தது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. தெருவில் எந்த வண்டி நின்றாலும் அது அவள் வண்டியாகவே கேட்டது.

பதிமூன்றாவது நிமிடம் நின்றது அவள் வண்டிதான். படியில் செருப்புச் சத்தம். இரண்டாவது மாடிக்கு இருபத்திரண்டு படி. நான் எண்ணவில்லை, காது எண்ணியது.

"என்னடா, மேசைக்கு அடியில என்ன பண்ற?"

"தூசி தட்டுறேன்கா."

"நீயா?" என்று பையை இறக்கினாள். "உடம்பு சரியில்லையா உனக்கு?"

நான் சிரிக்க முயன்றேன். அவள் சிரித்துக்கொண்டே நாற்காலியை இழுத்தவள், கறுப்புத் திரையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி திரையைப் பார்த்தாள். சிரிப்பு எப்போது போனது என்று தெரியவில்லை.

"ஆன் பண்ணு."

"ஆன்லதான் இருக்கு."

"அப்ப ஏன்டா ஒண்ணும் வரல?"

சொன்னேன். வெப்பமானி, எம் எழுத்து, நாற்பத்து மூன்று சிரிப்பு எல்லாவற்றையும் சொன்னேன். வாய்விட்டுச் சொல்லும்போது அது எவ்வளவு சின்ன விஷயம் என்பது எனக்கே கேட்டது. அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் கொஞ்சம் லேசாக இருக்கும். அவள் குரலே எழுப்பவில்லை.

"யாருடா அந்தாளு?"

"தெரியாதுகா."

"நேர்ல பாத்திருக்கியா?"

"இல்ல."

"அவன் சொன்னான்னு என் மெஷினைத் தொட்டியா?"

பதில் சொல்ல வாய் திறந்தபோது அவள் குனிந்து மேசை ஓரத்திலிருந்து எதையோ உரித்தெடுத்தாள். விரல் நீளத்துக்கு ஒரு பிளாஸ்திரித் துண்டு. பென் டிரைவில் சுற்றியிருந்தது. பின்னால் செருகும்போது தடித்து இடித்ததால், நான்தான் பிய்த்து மேசையில் ஒட்டினேன். அதில் அக்காவின் கையெழுத்து இருந்தது. நூற்றுப் பன்னிரண்டு பக்கம் படித்த நான் அந்த ஒரு வரியைப் படிக்கவில்லை.

"டிஸ்க் சாவி, தொடாதே" என்று அவள் படித்தாள். "இது சுத்தியிருந்தது எங்கடா?"

பின்னால் செருகியிருந்த பென் டிரைவைக் காட்டினேன். நோயாளிகளின் விவரம் என்பதால் டிஸ்கைப் பூட்டிவைக்க வேண்டும் என்று ஆய்வுக்கூடத்தில் சொல்லியிருந்தார்கள். பூட்டிக் கொடுத்ததும் நான்தான். சாவி என்பது நாற்பத்தெட்டு இலக்கம். தினமும் கேட்காது. பயாஸை யாராவது மாற்றினால், திருடன் வந்துவிட்டான் என்று நினைத்து அன்றைக்குக் கேட்கும். அதை இணையக் கணக்கில் சேமிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் அன்று கேட்டபோது, கூடாது, அது பாதுகாப்பில்லை என்று அக்காவுக்கு ஒரு மணி நேரம் பாடம் எடுத்து, ஒரு பென் டிரைவில் மட்டும் போட்டுக் கொடுத்தேன். இன்றைக்கு அதைத்தான் சுத்தமாகத் துடைத்திருக்கிறேன்.

இதுவரை அந்தத் திரை எழ வேண்டும் என்று எல்லா உறுப்புகளாலும் வேண்டிக்கொண்டிருந்தவன், அந்த நொடியிலிருந்து அது எழாமல் இருந்தால் போதும் என்று நினைக்க ஆரம்பித்தேன். கறுப்பாக இருக்கும்வரை யாரும் எதுவும் கேட்கப்போவதில்லை.

விளக்கு ஆரஞ்சிலிருந்து வெள்ளைக்கு மாறியது. ஃபேன் அடங்கியது. திரை எழுந்தது. வெப்பமானி தோற்றார். நீல நிறத்தில் ஒரு பக்கம், நடுவில் எட்டுக் கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஆறு இலக்கம்.

"வந்துடுச்சுடா!" என்று அக்கா என் தோளைப் பிடித்தாள். அப்புறம் படித்தாள். பிடி இறுகியது. "என்ன கேக்குது இது?"

"சாவி."

"போடு."

"அதுல இப்ப இல்லக்கா. நான் அழிச்சிட்டேன்."

அவள் கையை எடுத்தாள். பையிலிருந்து அவளுடைய போன் அடித்தது, அவள் எடுக்கவில்லை. கிளினிக்கிலிருந்து யாராவது இருக்கும், அடித்து ஓய்ந்தது. பிறகு அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தாள், டாக்டர் கூப்பிடக் காத்திருப்பவர்களைப்போல.

"அந்த டிரைவர் நாளைக்கு சாயங்காலம் வராருடா கிளினிக்குக்கு" என்றாள். "நாலு பேர் முன்னாடி வாயைத் திறந்து சிரிக்கணும்னு சொன்னாராம்." திரையைக் காட்டி, "உனக்குத்தான் இதெல்லாம் தெரியுமே. இப்ப என்ன பண்ணணும், சொல்லு" என்றாள்.

அவள் குரலில் கேலி இல்லை. உண்மையாகவே கேட்டாள். பூட்டிக் கொடுத்தவன் திறந்தும் கொடுப்பான் என்று இன்னமும் நம்பினாள். அதுவரை இருந்த பயமெல்லாம் ஒத்திகை என்று அப்போது தெரிந்தது.

"தெரியலக்கா" என்றேன்.

அழித்த பென் டிரைவிலிருந்து பழைய கோப்பை மீட்க வழி உண்டு என்று எங்கோ படித்த ஞாபகம். மேலே வேறு எதையும் எழுதாமல் இருந்தால் மீட்கலாம் என்றும் படித்த ஞாபகம். நான் பயாஸ் கோப்பை எழுதியிருக்கிறேன். எவ்வளவு பெரிய கோப்பு, எந்த இடத்தில் போய் உட்கார்ந்திருக்கும், எதன் மேல்? முதலில் பென் டிரைவைப் பிடுங்கலாமா, கூடாதா? அதுகூடத் தெரியவில்லை. தப்பாக ஒரு விரல் பட்டால் மிச்சமிருப்பதும் போகும். கைகளை அக்குளுக்குள் செருகிக்கொண்டேன்.

அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்குச் சாவி திரையில் வந்தபோது அவளும் பக்கத்தில் இருந்தாள். "நாலு... ஏழு... இல்ல, ஏழு நாலு" என்று முணுமுணுக்கத் தொடங்கினாள். மூன்றாவது இலக்கத்துக்கு மேல் போக முடியாமல் திரும்பத் திரும்ப முதலிலிருந்து வந்தாள். திரையில் முதல் கட்டத்துக்குள் ஒரு கோடு நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தது.

நான் போனை எடுத்தேன். மன்றத்தைத் திறந்தேன். என் பதிவுக்கு அடியில் வரும் வாசகத்தை முதலில் நீக்கினேன். புதுப் பதிவிலும் அது தானாகப் போய் ஒட்டிக்கொள்ளும் என்பதால் மட்டுமல்ல. பிறகு 'ஸ்விட்ச் போடும் முன்' திரிக்குப் போனேன். என்ன மாடல், என்ன போர்டு, எந்தப் பதிப்பு என்று எழுத ஆரம்பித்து, அழித்தேன்.

"இது அக்காவோட மெஷின். தப்பு என்னுது. பென் டிரைவை இன்னும் கழட்டல, எதையும் தொடல. கை நடுங்குது. யாராவது இருக்கீங்களா?"

அனுப்பிவிட்டு, போனை மேசையில், அவளுக்கும் தெரிகிற மாதிரி நடுவில் வைத்தேன்.