வளையில் தொங்கிய கன்று

வாளியில் விழுந்த முதல் பாலைக் கீர்த்திகா விரலால் தொட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கன்று ஈன்றதும் சுரக்கும் கடும்பு என்றால் மஞ்சளாக, பிசின்போல விரலோடு ஒட்ட வேண்டும். இது அரிசி கழுவிய தண்ணீராக முழங்கைவரை வழிந்து ஓடியது. விடியும்போது பிறந்த கன்று வைக்கோலில் கிடந்து நடுங்கிக்கொண்டிருந்தது. தாய்ப்பசு சிவலை அதை நக்கவில்லை. கழுத்தை நீட்டி, கொட்டிலின் கூரையைத் தாங்கும் வளையைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் கூப்பிட்டுக்கொண்டு நின்றது.

வளையில் போன வருடத்துக் கன்று தொங்கியது.

அது கடும்பு குடிக்கப் பிந்திப்போய், ஒரு கிழமைகூடத் தாங்காமல் செத்த கன்று. தோலில் வைக்கோல் அடைத்துத் தைத்தவன் கீர்த்திகாவின் கணவன் ஜெயதீபன். கன்றில்லாமல் சிவலை பால் விடாது. ஊசி போட்டால் விடும். ஆனால் ஊசியும் மருந்தும் படாத பால் என்று சொல்லித்தான் அரியாலையில் வீடு வீடாகப் போத்தல் கொடுத்து வந்தார்கள். அதனால் வைக்கோல் கன்றை மாட்டின் முன்னால் நிறுத்தினான். சிவலை அதை நக்கிக் கொடுத்தது, பாலும் விட்டது. அடுத்த சினைக்குப் பால் வற்றவிட்ட பிறகும் அவன் அதை எரிக்கவில்லை, வளையில் கட்டிவிட்டான்.

இந்தச் சினையின் கடைசி நாட்களில் மடிக்குக் கீழே நிலம் எப்போதும் நனைந்திருந்தது. மூத்திரம் என்றான் அவன். மூத்திரத்துக்கா இவ்வளவு எறும்பு என்று அவளுக்குத் தோன்றியது. கேட்காமல் விட்டுவிட்டாள்.

"இஞ்சேருங்கோ, மாடு உந்த வைக்கோல் கண்டைப் பாத்துப் பாத்தே கடும்பு முழுக்க ஒழுக விட்டிட்டுது. ஏன் எரிக்கேல்லை?"

ஜெயதீபன் கன்றின் காதைத் தொட்டான். குளிர்ந்திருந்தது.

"எரிக்கத்தான் ஒருக்கா இறக்கினனான். அதின்ரை வயிறு சூடாக் கிடந்தது, கீர்த்தி. வெயிலாக்கும் எண்டு நினைச்சன்."

"கொட்டிலுக்கை எங்காலை வெயில்?"

இந்தக் கன்றையும் தோலாகப் பார்க்க அவளால் முடியாது. சைக்கிளை எடுத்தாள்.

அடுத்த ஒழுங்கையில் கத்தரீனா அக்காவின் மாடு போன மாதம்தான் கன்று போட்டது. மிஞ்சிய கடும்பு ஃபிறிட்ஜில் உறைந்து கிடந்தது.

"எங்கடை மாடு ஊசி கண்ட மாடு, பிள்ளை. உங்கடை கண்டின்ரை கௌரவம் என்னாகிறது?"

"தாங்கோக்கா. பகிடியைப் பிறகு விடுங்கோ."

அவள் முகத்தைப் பார்த்த கத்தரீனா அக்கா போத்தலைத் துவாயில் சுற்றிக் கொடுத்தாள். "அடுப்பிலை வைச்சிடாதை, திரைஞ்சு போகும். இளஞ்சூட்டுத் தண்ணிக்கை வை. கெதியாப் போ."

கன்று முதலில் வாயைத் திறக்கவில்லை. கீர்த்திகா விரலை உள்ளே விட்டு நாக்கைத் தடவித் தடவிக் கொடுத்த பிறகுதான் சூப்பத் தொடங்கியது. பாதிப் போத்தல் இறங்கியபோது காது ஆடியது. பிறகு முன்னங்காலை மடித்து எழும்பி, விழுந்து, மறுபடி எழும்பி நின்றது. கீர்த்திகாவுக்கு அழுகை வந்தது. சிவலை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இப்ப இறக்குங்கோ," என்றாள். "நான் நெருப்புப்பெட்டி எடுத்துக்கொண்டு வாறன்."

அவள் திரும்பி வந்தபோது ஜெயதீபன் மர வாங்கில் ஏறிக் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். கடைசி முடிச்சு விட்டதும், வைக்கோல் கன்றின் பாரம் அவனைக் குனிய வைத்தது. அப்படியே அசையாமல் நின்றான். சாக்கு நூலால் தைத்த வாய் ஈரமாக இருந்தது. தையலின் இடுக்கில் ஒரு துளி திரண்டு, உடையாமல் நூலாக இழுபட்டு, கடும்புபோல மஞ்சளாகத் தொங்கியது.

புதிய கன்று தள்ளாடிக்கொண்டு அதன் கீழே வந்து, முகத்தை உயர்த்தி நாக்கை நீட்டியது.