பாரம் பரியம்

மூன்று வாரமாக என் குரல் ரோபோவுக்குள் இருக்கிறது. பேச வேண்டுமென்றால் அதைக் கூடவே எடுத்துப் போக வேண்டியிருந்தது. பிள்ளையைப் போல இடுப்பில் வைத்திருந்தேன்.

ரோபோ என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. பந்தய ஒட்டகத்தின் முதுகில் கட்டுகிற ஜாக்கி. ஒரு மோட்டார், ஒரு சாட்டை, ஒரு ஒலிபெருக்கி. மேலே பட்டுச் சட்டையும் தொப்பியும். முகம் கிடையாது. எடை மூன்று கிலோ. ஒட்டகம் ஓடும்போது பக்கத்துச் சாலையில் அரபு முதலாளிகள் காரில் வருவார்கள். வாக்கிடாக்கியில் கத்துவார்கள். அது ஒட்டகத்தின் முதுகிலிருந்து கேட்கும்.

எங்கள் முதலாளி ஹமத் கவிதையாகக் கத்துவார். அவருடைய ஒட்டகம் ரீஹா. கவிதை தொடங்கியதும் ரீஹா நின்றுவிடும். மரியாதையாகத்தான் நிற்கும். நான்கு பந்தயத்தில் அப்படி நின்றது.

ஐந்தாவது பந்தயத்தன்று அவருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாக்கிடாக்கியை என்னிடம் நீட்டினார். ரீஹாவைக் குட்டியிலிருந்து வளர்த்தவன் நான். எனக்குக் கவிதை தெரியாது.

"ஓடு தாயி, அத்தா இருக்கேன்" என்றேன்.

எங்கள் ஊர் பனைக்குளத்தில் என் மகள் ஜன்னத்துக்கு சைக்கிள் பழக்கியபோது சொன்னது அது. சீட்டைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவேன். அதைச் சொல்லும்போது கையை விட்டிருப்பேன். அது அவளுக்குத் தெரியாது. அடுத்த வாரம் நான் விமானம் ஏறிவிட்டேன்.

ரீஹா எட்டுக் கிலோமீட்டரும் ஓடியது. கோப்பை வாங்கியது.

மறுநாள் பாரம்பரிய அலுவலகத்திலிருந்து மரபு ஆலோசகர் வந்தார். அவருடைய அங்கியின் ஓரத்தை மண் படாமல் இரண்டு பேர் தூக்கிப் பிடித்திருந்தார்கள். பதிவு செய்திருந்த என் சத்தத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார்.

"பாலைவனத்தின் ஆதிக் கூப்பாடு. இரண்டாயிரம் வருடப் பழமை. அர்த்தம் தொலைந்துவிட்டது" என்றார்.

"அர்த்தம் இருக்குங்க. அப்பா இருக்கேன்னு அர்த்தம்."

"தொலைந்துவிட்டது என்று எழுதியாகிவிட்டது."

ரோபோவை என் வாயருகே பிடித்து மூன்று முறை சொல்லச் சொன்னார். மூன்றாவது முறை சத்தம் என் வாயிலிருந்து வரவில்லை. ரோபோவிலிருந்து வந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். போன வருடம் செய்த அந்த ரோபோவுக்கும் ஒரு சான்றிதழ் கொடுத்தார்கள். வயது என்ற இடத்தில் 'கணக்கில்லை' என்று இருந்தது.

அன்று சாயங்காலம் ஊரிலிருந்து போன் வந்தது. போனை ரோபோவின் வயிற்றில் வைத்துக்கொண்டேன்.

"அத்தா, நிக்காஹ் தேதி வச்சாச்சு. வர்ற மூணாவது வெள்ளி" என்றாள் ஜன்னத்.

"மாப்பிள்ளையப் பாத்தியா தாயி?" என்றது ரோபோ.

"பாஸ்போர்ட் போட்டோவுல பாத்தேன். கல்யாணமாகிப் பத்தாம் நாளு அவரும் அங்க வர்றாராம். ஒட்டக வேலைக்கு."

"உனக்குச் சம்மதமா?"

"நீங்க வந்து உங்க வாயால 'கொடுத்தேன்'னு சொல்லணும். மைக்கில நான் கேக்கணும். உங்க சத்தத்தக் கேட்டாத்தான் கையெழுத்துப் போடுவேன். வேற ஆரு சொன்னாலும் போடமாட்டேன்."

"வர்றேன்" என்றது ரோபோ. நானும் அதைத்தான் நினைத்திருந்தேன்.

முதலாளி உடனே விடுப்புக் கொடுத்தார். "உனக்குக் கொடுப்பேன். குரல் என் கையில் இல்லை. பாரம்பரியத்தை நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோக அலுவலகம் சம்மதிக்க வேண்டும்" என்றார்.

அலுவலகம் ஒட்டகக் கொட்டடிக்குப் பின்னால்தான் இருந்தது. போய்ச் சேர நான்கு நாள் ஆனது. நடக்க நடக்க வராந்தா நீண்டது. சுவரில் பழைய ரோபோக்களின் படங்கள் மாலையோடு தொங்கின. எல்லாவற்றின் கீழும் 'மூதாதையர்' என்று எழுதியிருந்தது.

கொட்டடியில் வேலை செய்பவர்கள் தமிழ்க்காரர்கள் என்பதால் வாசலில் தமிழ்ப்பலகை வைத்திருந்தார்கள். எழுதியவர் தூத்துக்குடி மிக்கேல். பலகை சிறியது. மேல்வரியில் 'பாரம்' என்றும் கீழ்வரியில் 'பரியம்' என்றும் பிரித்து எழுதிவிட்டார். கீழ்வரியை ஏ.சி. பெட்டி மறைத்துவிட்டது. மேல்வரியைப் படித்த எங்கள் ஆட்கள் எடைமேடை ஒன்றைக் கொண்டுவந்து வைத்தார்கள். வருகிறவர்கள் ஏறி நின்றார்கள். தமிழர்களின் தொன்மையான வழக்கம் என்று அரபிகள் நினைத்தார்கள். அரபிகளின் தொன்மையான வழக்கம் என்று நாங்கள் நினைத்தோம். இரண்டு பக்கமும் மரியாதை காட்டியதில் அது சட்டமாகிவிட்டது. பலகைக்கு அர்த்தம் தெரிந்த ஒரே ஆள் என்று மிக்கேலை அங்கேயே அதிகாரியாக்கிவிட்டார்கள்.

"ஏறும்வே சீனி அசன்" என்றார் மிக்கேல்.

ஏறினேன். அறுபத்தைந்து கிலோ.

"நான் அறுபத்திரண்டு, இது மூணு. சரிதானே?" என்றது ரோபோ.

"அத இறக்கி வச்சிட்டு நில்லும்."

இறக்கினேன். பதினெட்டுக் கிலோ.

"மூணு கிலோ ரோபோவ இறக்குனா நாப்பத்தேழு குறையுமாண்ணே?"

"அதுக்கு இப்போ மூணு இல்ல. நீரு ஒவ்வொரு தடவ பேசும்போதும் கொஞ்சம் அந்தப் பக்கம் போவுது. சும்மா கெடயும். பேசிப் பேசியே காலியாவீரு."

"பொண்ணு கல்யாணம்ணே. ரெண்டு நிமிஷம் குரல் வேணும். ஒரு வார்த்த சொல்லணும்."

"கல்யாணமா? அத முதல்ல சொல்ல வேண்டாமா? இது பாரம். கல்யாணத்துக்குப் பரியம். ரெண்டாவது வரி. ஏ.சி.க்குப் பொறத்தால போம்."

ஏ.சி. பெட்டிக்குப் பின்னால் இன்னொரு வராந்தா இருந்தது. முடிவில் இன்னொரு மேசை. அதிலும் மிக்கேல்தான் உட்கார்ந்திருந்தார். என்னைத் தெரியாதவர்போல நிமிர்ந்து பார்த்தார்.

"பொண்ணுக்கு என்ன பரியம் குடுக்கீரு?"

"பரியப் பணம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்கல்ல கொடுப்பாங்க?"

"இங்க எல்லாம் அரபி எழுத்து மாதிரி வலமிருந்து இடம்தான்வே. பொண்ணோட அப்பன்தான் குடுக்கணும். என்ன குடுக்கீரு?"

யோசித்தேன். என்னிடம் வேறு எதுவும் இல்லை.

"குரல்" என்றது ரோபோ.

மிக்கேல் எழுதிக்கொண்டார். முத்திரை குத்தினார். "பாரம்பரியம் வெளிநாடு போலாம். கூட ஆள் போவக்கூடாது. ஆளு போனா பாரம் கூடிப்போவும்."

"நான்தானே அப்பா?"

"யாரு அறுபத்திரண்டு கிலோ இருக்காவளோ அவுகதான் சீனி அசன். பாஸ்போர்ட்ல அப்படித்தான் இருக்கு."

"பாஸ்போர்ட்டுல எடை எழுத மாட்டாங்களே?"

"இப்போ எழுதியாச்சு" என்று காட்டினார்.

மறுபடி எடை பார்த்தார்கள். ரோபோ ஐம்பத்தொன்பது. நான் ஆறு. அவர் என்னைப் பார்த்தார். இன்னும் ஏதாவது கேளும் என்பதுபோல இருந்தது.

"அப்போ அவளுக்கு யாரு 'கொடுத்தேன்'னு சொல்லுவா?" என்றது ரோபோ.

இப்போது ரோபோ அறுபத்திரண்டு. நான் மூன்று.

அதன்பிறகு நான் எதை நினைத்தாலும் ரோபோ பேசவில்லை. அது தானாக எழுந்து நின்றது. பாஸ்போர்ட்டை வாங்கிப் பட்டுச்சட்டைப் பையில் வைத்துக்கொண்டது.

"வர்றேண்ணே" என்றது மிக்கேலிடம். என்னைப் பார்க்கவில்லை.

என் உருவம் குறையவில்லை. எடைதான் போய்விட்டது. காற்றடித்தால் சட்டையோடு நகர்ந்தேன். கொட்டடிக்குத் திரும்ப நான்கு நாள் ஆகவில்லை. ஒரே காற்றில் வந்துவிட்டேன்.

அந்த மூன்றாவது வெள்ளிக்கிழமை பகலில் இறுதிப் பந்தயம். முதலாளி என்னை எடைபோட்டுப் பார்த்துவிட்டுச் சந்தோஷப்பட்டார்.

"சீனி, நம் ஜாக்கி ஊருக்குப் போயிருக்கிறது. மகள் கல்யாணமாம். உனக்குக் கஷ்டமில்லையே?"

நான் வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை.

"நல்லது. முகம் ஒன்றுதான் இடைஞ்சல்" என்றார். தொப்பியைக் கழுத்துவரை இழுத்துவிட்டார். என்னை ரீஹாவின் முதுகில் வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். கைகளையும் சேர்த்துக் கட்டினார்கள். மார்பில் வாக்கிடாக்கியைச் செருகினார்கள்.

மேடையில் மரபு ஆலோசகர் பேசிக்கொண்டிருந்தார். முன்னோர்கள் முகமில்லாமல் ஒட்டகம் ஓட்டியதைப் பற்றிப் பேசினார். பிறகு கொடி விழுந்தது. மற்ற ஒட்டகங்கள் ஓடின. காரிலிருந்து முதலாளி கவிதை சொன்னார். ரீஹா மரியாதையாக நின்றது.

வாக்கிடாக்கி கரகரத்தது. கவிதை தேய்ந்து, பாத்திரச் சத்தம் கேட்டது. நெய்ச்சோறு கிண்டுகிற சட்டுவச் சத்தம். பிறகு என் மனைவி செய்யதம்மாளின் குரல்.

"வந்ததுலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. ஆளு மெலிஞ்சுட்டீக. ஆனா கட்டிலு மட்டும் அமுங்குது. தொப்பியக் கழட்டுனா என்னவாம்?"

மைக்கைத் தட்டுகிற சத்தம். நிக்காஹ் நடத்த வந்த ஹஜ்ரத் தொண்டையைச் செருமினார்.

"சீனி அசன், உங்க மகள் ஜன்னத்த இன்னாருக்குக் கொடுத்தீங்களா?"

நான் கட்டுக்குள் கிடந்தேன். கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். கொடுக்கவில்லை என்றாவது சொல்ல வேண்டும். எதைச் சொல்ல வேண்டும் என்று முதல்முறையாக யோசித்தேன். பத்தாம் நாள் மாப்பிள்ளை விமானம் ஏறுவான். அவனிடமும் ஒரு வாக்கிடாக்கி கொடுப்பார்கள்.

"சொல்லுங்க பாய். எல்லாரும் காத்திருக்காங்க" என்றார் ஹஜ்ரத்.

என் குரல் மைக்கில் வந்தது. தெளிவாக இருந்தது.

"ஓடு தாயி. அத்தா இருக்கேன்."

ரீஹா காதை நிமிர்த்தியது. ஓடத் தொடங்கியது.

வாக்கிடாக்கியில் ஒரு நாற்காலி விழுந்தது. சைக்கிள் ஸ்டாண்டைத் தட்டுகிற சத்தம் கேட்டது. "அடியே, பட்டுச்சேலையோட எங்கடி போற?" என்றாள் செய்யதம்மாள். அடுத்த மூச்சில், "என்னங்க, நீங்களும் கேரியர்ல ஏறுனா புள்ள எப்படி மிதிப்பா?"

ரீஹா முதலில் கடைசி ஒட்டகத்தைத் தாண்டியது. பிறகு எல்லாவற்றையும் தாண்டியது. முடிவுக் கம்பம் வந்தது, போனது. யாரும் பிடிக்கவில்லை. பக்கத்துச் சாலை அங்கேயே முடிந்துவிட்டது. முதலாளியின் கார் பின்னால் சிறிதாகிக் கொண்டே இருந்தது.

சைக்கிள் மணி ஒருமுறை அடித்தது. மூச்சு வாங்க ஜன்னத் கேட்டாள்.

"அத்தா, சீட்டப் பிடிச்சிருக்கீகளா?"

"பிடிச்சிருக்கேன் தாயி" என்றது என் குரல்.

தொப்பிக்குள்ளிருந்து குனிந்து பார்த்தேன். கயிறு எப்போதோ அவிழ்ந்திருந்தது. என் கைகள் எதையும் பிடித்திருக்கவில்லை.