விடுபட்ட எண்கள்

"தள்ளாதடா! நீ தள்ளத் தள்ள இன்னொரு கட்டு விழுது."

கதவுக்கு வெளியே தம்பி தள்ளுவதை நிறுத்தினான். "அப்பாவை எப்படிக்கா வெளிய கொண்டுவர்றது?"

"அவருக்கு அவசரம் இல்ல. எனக்குத்தான்."

அப்பா இறந்து ஒரு மணி நேரம் ஆகியிருந்தது. கட்டிலை நகர்த்த வழி வேண்டுமே என்று அவள் சுவரோரம் அடுக்கியிருந்த பேப்பர் கட்டுகளில் ஒன்றே ஒன்றைத்தான் உருவினாள். முப்பத்தெட்டு வருட நாளிதழும் சரிந்து கதவை அடைத்துக்கொண்டது. நாலு பக்கமாகத் தொடங்கி, ஒரு தலையங்கத்தில் மந்திரியை வீட்டுக்கு அனுப்புமளவு வளர்ந்த பேப்பர். அப்பா அதில் மெய்ப்புத் திருத்துபவர், அச்சேறுமுன் பிழை பார்க்கும் வேலை. மந்திரியை அனுப்பியதே தான்தான் என்பதுபோல நடப்பார். பேப்பரில் வராதது நடக்கவில்லை என்பது வீட்டுச் சட்டம். அவருக்கு மழைகூட மறுநாள் காலையில்தான் பெய்யும்.

தேறியவர்களின் எண்கள் பேப்பரில் வரும் காலம் அது; அவளுடைய பள்ளி இறுதித்தேர்வு எண் வரவில்லை. டீச்சர் வீட்டுக்கே வந்து, "பாஸுங்க, நல்ல மார்க்" என்றார்.

"நம்ம பேப்பர் தப்புப் போடாது டீச்சர்" என்று காபி கொடுத்து அனுப்பிவிட்டார் அப்பா.

மதிப்பெண் பட்டியல் வந்தபோது கல்லூரிகளில் இடம் நிரம்பியிருந்தது. "எனக்கு எப்படிம்மா தெரியும்?" என்றார் அப்பா. அடுத்த வருடம் அம்மா படுக்கையில் விழுந்தாள். அப்புறம் அப்பா. அவள் இந்த வீட்டைவிட்டு நகரவே இல்லை.

இப்போது அவள் தேர்வு எழுதிய வருடத்து ஜூன் மாதக் கட்டு அவள் மடியில் கிடந்தது.

"அக்கா, என்ன சத்தத்தையே காணோம்?"

"பேப்பர் படிக்கிறேன்."

"இப்பவா!"

தேர்வு முடிவு வந்த நாளிலிருந்து புரட்டினாள். ஐந்தாம் நாள், ஏழாம் பக்கம், கீழ் மூலை. 'தேர்வு முடிவு: விடுபட்ட எண்கள்' என்ற தலைப்பு இருந்தது. அதன் கீழே நீள்சதுரமாக ஓட்டை. ஓரத்தில் ஒரு பிசிறு இல்லை. வரி கோணாமல் வெட்டும் கை அந்த வீட்டில் ஒன்றுதான். முடிவு வந்த பக்கத்துக்கு அன்று மெய்ப்புப் பார்த்தது யார் என்று அவள் கேட்டதே இல்லை.

கட்டிலைப் பார்த்தாள். அப்பாவின் மூக்குக்கண்ணாடியை யாரும் கழற்றியிருக்கவில்லை. கழற்றினாள். முந்தானையால் துடைத்து, மறுபடியும் மாட்டிவிட்டாள்.

கதவு ஒரு சாண் நகர்ந்தது. தம்பியின் கை உள்ளே நுழைந்து துழாவியது. "ஒவ்வொண்ணாக் குடுக்கா, வாங்கி வைக்கிறேன்."

அந்தத் தாளை நாலாக மடித்துக் கொடுத்தாள்.

"என்னக்கா இது, ஒத்தத் தாளு?"

"பழைய பேப்பர்டா."

கை அதை வாங்கிக்கொண்டு போயிற்று. திரும்பவும் உள்ளே வந்து விரிந்தது.