மெயிலில் வந்த பணம்

பழைய தையல் மெஷினை விற்று, அந்தப் பணத்தில் புதியது வாங்கக் காத்திருந்தாள் தையல்காரி. பணம் செலுத்தப்பட்டதாக வங்கியின் பெயரில் மெயில் வந்தது. வாங்குகிறவன் அனுப்பிய வண்டியும் வாசலுக்கு வந்துவிட்டது. அவள் மெஷினைத் தூக்கப் போனாள்.

"இருங்க அண்ணி," என்று தடுத்தாள் நாத்தனார். "மெயில் யார் வேணா அனுப்பலாம். அதுல இருக்குற லிங்க்கைத் தொடாம, நேரா பேங்க் ஆப்ல பாருங்க."

பார்த்தாள். கணக்கில் சல்லிக்காசு ஏறவில்லை.

அதற்குள் வாங்குகிறவன் போனில் பறந்தான். "மெயில் வந்துருச்சுல்ல? மெஷினை ஏத்தி விடுங்க!"

"ஏத்தியாச்சுன்னு உங்களுக்கும் மெயில் போட்டுட்டேன் தம்பி. உக்காந்து தைங்க," என்றாள் தையல்காரி.

எதிர்முனையில் போன் பட்டென்று வைக்கப்பட்டது. நாத்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வண்டிக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார். "அப்ப என் வாடகையும் மெயில்லதானா தாயி?"