படத்துக்குக் கிடைத்த வேலை

என் மகள் மெய்லிங்கின் புகைப்படத்துக்கு வங்கியில் வேலை கிடைத்தது. திங்கட்கிழமையிலிருந்து போய்வருகிறது. எட்டு மணி பஸ். ஜன்னலோர சீட்டு.

மெய்லிங் வீட்டில் இருந்தாள். சீனாவில், எங்கள் செங்து நகரத்தில் வேலைக்கு மனுப் போட்டால் படம் ஒட்ட வேண்டும். ஸ்டுடியோக்காரர் கம்ப்யூட்டரில் கண்ணைப் பெரிதாக்கி, மூக்கைக் கொஞ்சம் தூக்கிவிட்டார். எல்லாருக்கும் செய்வதுதான்.

நான் கட்டடத்தில் செங்கல் சுமப்பவள். லீவு போட்டுவிட்டு வங்கி மேனேஜரைப் பார்த்தேன்.

"படம் நல்லா வேலை பாக்குதும்மா. டீ கூடக் குடிக்கறதில்ல. உங்க பொண்ணு அதே மாதிரி வந்தா மாத்திக்கறோம்."

"எப்போ வரணும்?"

"வெள்ளிக்கிழமைக்குள்ள. அப்புறம் படத்தை நிரந்தரமாக்கிடுவோம்."

முகத்தை மாற்றித் தரும் ஆஸ்பத்திரியின் வரிசை மூன்று மாடி இறங்கி, இரண்டு தெரு தாண்டி, எங்கள் வாசலில் முடிந்தது. வசதியாகப் போயிற்று. எல்லாப் பெண்களும் கையில் ஆளுக்கொரு படம் வைத்திருந்தார்கள். முன்னால் நின்றவளின் படத்துக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"மாப்பிள்ளை வீட்டுல அதுக்கு விருந்து வச்சாங்க ஆன்ட்டி. என்னை வாசல்ல நிக்கச் சொல்லிட்டாங்க."

டாக்டர் மெய்லிங்கின் மூக்கைப் பிடித்துப் பார்த்தார்.

"இது யாரோடது?"

"என்னோடது," என்றேன்.

"எடுத்துடுங்க டாக்டர்," என்றாள் மெய்லிங். "அம்மாகிட்ட இன்னொண்ணு இருக்கு."

வெள்ளிக்கிழமை அவள் வங்கிக்குப் போனாள். படம் எழுந்து கைகுலுக்கிவிட்டு வேறு வங்கிக்குப் போய்விட்டது.

அடுத்த திங்கள் மதியச் சாப்பாடு கொண்டுபோனேன். காவலாளி ஒரு படிவம் நீட்டினார். எழுத்துக்கூட்டி நிரப்பினேன். உறவு: தாய்.

அவர் கண்ணாடிக் கதவு வழியாக அவளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"பொருந்தலையே."

"பெத்தவ நான்."

"அது சரி. பொருந்தலையே."

உள்ளே பதினோரு கவுன்டரிலும் அதே முகம். எல்லாரும் எழுந்து எனக்குக் கை காட்டினார்கள். எல்லாருக்கும் திருப்பிக் காட்டினேன்.

அங்கிருந்து நேராக டாக்டரிடம் போய் மெய்லிங்கின் படத்தைக் கொடுத்தேன்.

"எனக்கும் இதே மாதிரி."

"செய்யலாம். ஆனா அம்மான்னு யாரும் சொல்ல மாட்டாங்க. அக்கான்னுதான் சொல்வாங்க."

"அக்கா சாப்பாடு கொண்டுபோகலாமா?"

அவர் காவலாளிக்குப் போன் போட்டுக் கேட்டார்.

"கொண்டுபோகலாமாம். 'ஏன் இளைச்சுட்டே?'ன்னு மட்டும் கேக்கக் கூடாதாம். அது அம்மாங்க கேக்கறதாம்."

கொஞ்சம் யோசித்தேன். பிறகு கட்டிலில் ஏறிப் படுத்து, சாப்பாட்டு டப்பாவை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டேன். இன்னும் சூடாகத்தான் இருந்தது.